நரை வினாவும் ஆந்தையார் விடையும்

தமிழர் கடிதங்களின் தலைப்பில் நெடுங்காலமாக இடம்பெற்றுவந்த 'நலம், நலமறிய ஆவல்' என்னும் தொடர், எழுதுவோர் உள்ளம் தோயாமலே கைப்பழக்கத்தால் எழுதப்படுவதும் உண்டு. நேரிற் காணும்பொழுதும், சுகம் விசாரித்தவர் விடை வருமுன் வேறு பேச்சிற் புகுதல் உலகியல்பு. இதனை முற்றும் பழித்தல் தகாது. அதுதானும் இன்றி முகந்திருப்பிச் செல்வாரினும் இவர் மேலானவரே. ஆயினும், ஒருவரை உற்றுநோக்கி, அவரிடத்துக் கண்ட ஒன்றைக் குறித்து வினவி, விடைக்குக் காத்துநிற்றல் வேறு வகையினது. அத்தகைய வினாவையும் அதற்குரிய விடையையும் புறநானூற்றின் 191ஆம் பாட்டிற் காணலாம்.

அதனைப் பாடிய பிசிராந்தையார் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினர். உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனை அவர் நேரிற் கண்டிலர். அவனும் அவரைக் கண்டிலன். எனினும் இருவரும் உயிர்நண்பராயினர். மைந்தர் இருவரும் தன்மேற் போருக்கு எழுந்தமையால் மனமுடைந்த சோழன், அரசு துறந்து, உண்ணாநோன்பு பூண்டு வடக்கிருந்தான். ஆந்தையார் தவறாது வருவாரென்று துணிந்து, அவருக்கும் ஓரிடம் ஒழித்துவைக்குமாறு பணித்தான். சூழ இருந்தோர் ஐயுற்றனர். அவரோ சொன்னபடியே வந்து சேர்ந்தார்.

அப்பொழுதுதான் அவ்வினா எழுந்தது என்று கொள்வர். ஆந்தையார் பெயரைப் பல்லாண்டாகக் கேட்டிருந்த சான்றோர், முதியவர் ஒருவரை எதிர்பார்த்தனர் போலும். வந்தவர் தலையில் நரை இல்லை. ஆண்டு பலவாகியும் நரையாமை எவ்வாறு என்று கேட்டனர். சாக்காட்டை எதிர்நோக்கியிருந்த களத்தில் இது பொருந்தா வினாவென்று சிலர் கருதக்கூடும். ஆனால் நெடுவழி நடந்து வந்தவரை முதலில் ஒரு மனிதராக நோக்கி, அவர் வாழ்ந்த வாழ்க்கையை அறிய விரும்பியதன்றோ அது?

ஏழடியில் அமைந்த அவர் விடையில் மருந்தும் இல்லை. உணவு நெறியும் இல்லை. மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பினர், ஏவலர் தாம் எண்ணியதையே எண்ணுவர், வேந்தன் தீயன செய்யாது காக்கின்றான், இவற்றுக்கெல்லாம் மேலாக, ஊரில் அடக்கமுடைய சான்றோர் பலர் வாழ்கின்றனர். ஐந்தும் பிறரைப் பற்றியனவே. தம் புலமையையோ சோழனது நட்பாற் பெற்ற பெருமையையோ அவர் கூறிற்றிலர். காலையில் எழுந்து மாலையில் உறங்குமளவும் எதிர்ப்படும் முகங்களே அவர் கண்ட இன்பம். இவை யாவும் இல்லந்தோறும் ஊர்தோறும் கிடைக்கக்கூடியன. கிடைத்தும் எண்ணிப் பார்க்கப்படாதன. பிறர் கேட்டமையாலன்றோ அவரும் அவற்றை நிரலே எண்ணிக் கூற நேர்ந்தது!

வேந்தனைப் பற்றிய கூற்று முகமன் அன்று. அவ்வேந்தன் பாண்டியன் அறிவுடை நம்பியே எனக் கொள்ளின், அவனுக்கு இவரே 184ஆம் பாட்டில் வரி கொள்ளும் முறையை இடித்துரைத்திருக்கின்றார். விளைநெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பன்னாள் உணவாகும். யானை தானே வயலிற் புகுந்தால் உண்பதினும் மிதித்து அழிப்பது மிகும் என்பது அப்பாட்டின் உவமை. அந்நம்பிதானும் சிறிய இன்பங்களின் அருமையை அறிந்தவன். 188ஆம் பாட்டு அவன் பாடியது. குறுகக் குறுக நடந்துவந்து, உண்கலத்திற் கையிட்டு, நெய்ச்சோற்றை அள்ளி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாதார்க்கு, எத்துணைச் செல்வம் இருந்தும் வாழ்நாளிற் பயனில்லை என்கின்றான். முடிமன்னன் ஒருவன் சோறு சிந்துதலைப் பேறாகப் பாடியமை நோக்கற்பாலது.

மக்கள் நிரம்பினர் என்ற சொல், பெற்ற மக்களாலேயே துயருற்ற சோழன் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்? பாட்டு அதனைக் கூறவில்லை. ஆனால் அவன் உள்ளத்தைக் காட்டும் செய்தி வேறொன்று உண்டு. உடன் வடக்கிருக்க விரும்பிய பொத்தியார் என்னும் புலவரின் மனைவி அப்பொழுது கருவுற்றிருந்தாள். தன் மைந்தர் பகைவராகிய நிலையிலும், உயிர் நீக்கத் துணிந்திருந்த அச்சோழன், நண்பன் மனையில் பிறக்கவிருந்த குழந்தையை எண்ணினான். மகன் பிறந்தபின் வருக என்று பொத்தியாரைத் திருப்பி அனுப்பினான். ஆந்தையாரும் சோழனுக்குத் துணையாக வடக்கிருந்து உயிர்நீத்தார்.

மகன் பிறந்தபின் பொத்தியார் மீண்டு வந்தார். சோழன் அப்பொழுது நடுகல்லாகியிருந்தான். அக்கல்லின் முன்னின்று, தமக்குரிய இடம் யாது என்று அவர் கேட்ட பாட்டு புறநானூற்றில் 222ஆவதாக உள்ளது.