முதல் போட்டவர் வட்டி கேட்பார்

வங்கியில் முப்பது வருசத்துக்கு மேல் கடன் மனுக்களைப் பார்த்துப் பழகியவன் நான். மனு எதுவானாலும் முதல் கேள்வி, "வருமானம் எங்கிருந்து வரும், எப்படித் திருப்பிக் கட்டுவீங்க?" என்பதுதான். ஓய்வுபெற்று மண்வெட்டி பிடித்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஊராட்சித் தேர்தலுக்கே கேட்டுப் பாருங்க. தலைவருக்கு மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருசத்துக்கு 1,20,000 ரூபாய். அதற்கு ஒருத்தர் இருபது, முப்பது லட்சம் இறைக்கிறார் என்றால் மீதி எங்கிருந்து வரும்? கண்மாய்க் கரையிலிருந்து, தார்ச்சாலையின் கனத்திலிருந்து, வண்டல் அள்ளப்போகும் நம்ம டிராக்டரிலிருந்து. எந்த மேலாளரும் கையெழுத்துப் போடாத இந்தக் கடனுக்கு நாம்தான் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தருகிறோம்.

பெரிய தேர்தலும் இதே கதைதான். பணம் பாய்ந்த பாய்ச்சலில் 2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017ல் ஆர்.கே.நகர், 2019ல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று வாக்குப்பதிவையே தேர்தல் ஆணையம் நிறுத்த வேண்டி வந்தது. யாருக்கும் வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை.

மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்தவர் கக்கன். 1957 முதல் 1967 வரை அமைச்சர். பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை எல்லாம் அவர் கையில் இருந்தன. 1959ல் வைகை அணை திறந்தபோது பொதுப்பணித் துறை அவருடையது. அணை கட்டும் துறையில் எத்தனை ஒப்பந்தம் ஓடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனிதர் கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் கிடந்தார். எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. 1981ல் இறந்தார். முன்னாள் அமைச்சர் இப்படிக் கஷ்டப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைப் பெருமையாகப் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. யாருக்கும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அவர் தலையில் இல்லை. அதுதான் விசயம்.

அதே மேலூர் வட்டாரத்தில்தான் கிரானைட் கொள்ளை நடந்தது. அரசுக்கு இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2012ல் மதுரை ஆட்சியர் சகாயம் அறிக்கை அனுப்பினார். அந்த வருசமே அவருக்கு மாறுதல் வந்தது. மூடிப்போன கண்மாயும் வாய்க்காலும் யாருடைய பேரேட்டில் வரவு?

அதே வட்டாரத்து அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் என்றபோது சனங்க சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பரில் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள், 2025 சனவரியில் மதுரை வரை பேரணி போனார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அடுத்த கிராம சபையில் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்குங்க. கண்மாய் மராமத்து என்று எழுதியிருக்கும் வரியை வாசித்துவிட்டு, கரையையும் ஒருநடை போய்ப் பாருங்க. கூட்டல் சரிபார்க்க ஆள் வேணுமா? என்னை மாதிரி ஓய்வுபெற்ற ஒருத்தராவது உங்க ஊரில் இருப்பார்; கூப்பிட்டால் வருவார்.