பிரீவீலுக்குள்ளே உருளும் குண்டுகள்

மிதிப்பதை நிறுத்தியபின் சைக்கிள் ஓடும்போது பின்சக்கரத்தில் 'கிட், கிட்' என்று ஓர் ஒலி கேட்கிறதல்லவா? பிரீவீலின் வெளிவளையத்துக்கு உட்புறமுள்ள பற்களின்மீது எஃகு நாக்குகள் ஏறி இறங்கும் ஒலி அது. முன்னோக்கி மிதித்தால் நாக்குகள் பற்களில் மாட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றும். உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே இரு வரிசைகளில் சிறு எஃகுக் குண்டுகள் உள்ளன.

இங்கே ஒரு விந்தை. மிதிக்கும்போது இரு வளையங்களும் ஒன்றாகவே சுழல்வதால் குண்டுகள் உருள்வதே இல்லை! மிதிக்காதபோதுதான் அவற்றுக்கு வேலை. பின்சக்கர ஹப்பில் மோட்டார் பொருத்திய சைக்கிளில் இதன் விளைவைப் பாருங்கள். ஓட்டுபவர் காலை அசைக்காமல் அமர்ந்திருக்க, மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 200 முறை சுற்றும். ஒரு மணி நேரத்தில் 12,000 சுற்றுகள். அத்தனை சுற்றுக்கும் குண்டுகள் உருண்டாக வேண்டும். சாதாரண சைக்கிளில் பெரும்பாலும் இறக்கத்தில் மட்டுமே செய்யும் வேலை இது. மழைநீர் புகுந்து கிரீசும் கெட்டுவிட்டால், துருவும் மணலும் குண்டுகளைத் தின்றுவிடும்.

சோதிப்பது எளிது. முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சுழலும் சக்கரத்தில் விரலை நுழைத்தபின் வருந்திப் பயனில்லை. சங்கிலியை விலக்கி, சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பற்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். சீரான ஒலி வந்தால் நலம். கரகரவென்று மணல் அரைபடுவதுபோல் இருந்தால் பழுது. பற்சக்கரம் பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பே. முன்னோக்கித் திருப்பும்போது எந்த இடத்திலேனும் பிடிக்காமல் நழுவினால்தான் ஆபத்து. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது கால் வெறுமையில் இறங்கி, ஆள் கைப்பிடிமேல் விழுவார். என் மாணவர் ஒருவர் முன்பல்லை இழந்தது இப்படித்தான்.

பிரீவீலைத் திறக்க, இரு துளைகள் கொண்ட வெளி மூடியைக் கழற்ற வேண்டும். அதன் மரை இடப்புறமானது. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் சுத்தியலால் அடித்து மூடியைக் கெடுப்பவர் பலர். அடியில் அகன்ற தட்டு ஒன்றை வையுங்கள், குண்டுகள் சிதறும். எண்ணிக் கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால், மங்கியவையும் குழி விழுந்தவையும் தெரியும். கெட்டவற்றை மட்டும் மாற்றுவது சிக்கனமன்று. தேய்ந்தவற்றுக்கிடையே புதுக்குண்டு சற்றுப் பெரிதாக நின்று, பாரம் முழுவதையும் தானே தாங்கும். ஆகவே அதே அளவில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். 1/8 அங்குலக் குண்டுக்கு (3.175 மி.மீ.) 3 மி.மீ. குண்டு ஈடாகாது. வளையத்தின் ஓடுபாதையிலேயே குழி விழுந்திருந்தால் புதுப் பிரீவீல் வாங்குவதே வழி.

குண்டுகளை இடத்தில் நிறுத்தச் சிறிது கிரீஸ் போதும். நாக்குகளின்மேல் அதை அப்பிவிட வேண்டாம். கிரீசில் ஒட்டிக்கொண்ட நாக்கு, வில் தள்ளினாலும் நேரத்துக்கு எழாது. அங்கே இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள்.