இரண்டு ஷாட்டுக்கு நடுவே ஒரு பாடம்

செங்கல்பட்டைத் தாண்டி, மாமண்டூரில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் கொஞ்ச தூரத்தில் படாளம் கூட்டு ரோடு வந்துவிடும். பறவை பார்க்கப் போகிறவர்கள் இங்கே வேடந்தாங்கலுக்குத் திரும்பிவிடுவார்கள். சுற்றுவட்டாரத்துக்குப் படாளம் என்றால் சர்க்கரை ஆலை. பெயர் மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, இருப்பது படாளத்தில். இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நாலைந்து பிள்ளைகளிடம் ஒரு செல்போனைக் கொடுத்து, கரும்பு சர்க்கரையாகும் கதையை 2 நிமிடப் படமாக எடுத்து வரச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். மாணவர்களே படம் எடுத்துப் பாடம் படிக்கும் முறையை விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தோன்றவில்லை.

செல்போன் கேமரா பொதுவாக நொடிக்கு 30 படம் எடுக்கும். 2 நிமிடத்துக்கு 3,600 படங்கள். அவை வேகமாக மாறுவதால் நம் கண்ணும் மூளையும் அதை அசைவாக எடுத்துக்கொள்கின்றன. இதுவரை இயந்திரத்தின் வேலை. எந்த ஷாட்டுக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதில்தான் பிள்ளைகளின் வேலை தொடங்குகிறது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் இதைச் சோதித்துப் பார்த்தார். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். முகம் ஒன்றுதான், பார்த்தவர்களுக்கு ஒருமுறை பசி தெரிந்தது, மறுமுறை துக்கம் தெரிந்தது. வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். நண்பனின் முகம், அதற்கடுத்து ஒரு டிபன் பாக்ஸ். அதே முகம், அடுத்து ஒரு மார்க் ஷீட்.

இப்போது கரும்புக்கு வருவோம். முதல் ஷாட், வயலில் வெட்டுகிறார்கள். இரண்டாவது ஷாட், ஆலைக்கு வெளியே வரிசையில் நிற்கும் டிராக்டர். இரண்டையும் ஒட்டினால் அரை நொடியில் கரும்பு ஆலைக்கு வந்துவிடுகிறது. குழுவில் எடிட் செய்கிற பெண்ணுக்கு அங்கேதான் சந்தேகம் வரும். நடுவில் எத்தனை மணி நேரம் போனது?

அந்த நேரத்தில்தான் வேதியியல் இருக்கிறது. வெட்டிய கரும்பு சும்மா கிடப்பதில்லை. அதிலுள்ள நொதிகளும், வெட்டுவாய் வழியே புகும் பாக்டீரியாவும் கரும்பின் சர்க்கரையான சுக்ரோஸை உடைக்கின்றன. சுக்ரோஸ் பிரிந்தால் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ். கடித்தால் அப்போதும் இனிக்கத்தான் செய்யும். ஆனால் அவை ஆலையில் படிகமாகாமல் கழிவுப்பாகோடு போய்விடும். கரும்பு காய்ந்து எடையும் குறையும். வெட்டி ஒரு நாளுக்குள் அரைத்துவிட வேண்டும் என்று அவசரப்படுவது இதனால்தான். கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவை விவசாயிகள் சர்க்கரைக் கட்டுமானம் என்று சொல்வார்கள், அது 9.5 சதவீதம் என்றால் ஒரு டன் கரும்பில் 95 கிலோ சர்க்கரை. வெயிலில் காத்து நிற்கும் லோடில் கரைவது அந்தக் கணக்கு. புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்தபோது எழாத கேள்வி, ஒட்டுமிடத்தில் எழுகிறது. இந்த முறையின் மேல் எனக்குள்ள நம்பிக்கை எல்லாம் அந்த ஒட்டுமிடத்தின் மேல்தான்.

இப்படிச் சொந்தமாகச் சின்னப் படம் செய்வதை டிஜிட்டல் கதைசொல்லல் என்ற பெயரில் ஒரு பயிற்சியாக வளர்த்தவர்கள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1994இல் பட்டறை தொடங்கிய ஜோ லாம்பெர்ட்டும் டேனா ஆட்ச்லியும். அவர்கள் வைத்த அளவு சின்னது: இரண்டு மூன்று நிமிடம், சில புகைப்படங்கள், சொல்பவரின் சொந்தக் குரல். வீடியோகூடக் கட்டாயமில்லை. நான் ஒன்று சேர்ப்பேன்: பின்னணி இசையைக் கடைசிவரை தள்ளி வையுங்கள். இசை வந்துவிட்டால் விளங்காத இடமும் விளங்கியதுபோல் ஆகிவிடுகிறது. 2 நிமிடத்துக்குத் தமிழில் ஏறக்குறைய 200 சொல்தான் கொள்ளும். அந்த 200 சொல்லை எழுத உட்காரும்போது தெரிந்ததும் தெரியாததும் பிரிந்து நிற்கும். குரல் பதியும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனை வாயருகே பிடித்தால் போதும். வெளியில் என்றால் மைக் ஓட்டையில் காற்று மோதி இரையும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் அதில் பாடம் பார்த்தார்கள். 2022இல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா தொடங்கியது. 6 முதல் 9ஆம் வகுப்புவரை படம் பார்த்து, பிறகு அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பார்க்கவும் பேசவும் பழகிய பிள்ளைகள் கையில் கேமரா போவது அடுத்த படி. ஐந்து பேருக்கு ஒரு போன் போதும். சண்டை போட்டு முடிவெடுப்பதும் அதில் சேர்த்திதான். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையின் முகமும் இணையத்துக்குப் போகக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது.

நம் குழுவின் படத்தில் இன்னும் ஒரு ஷாட் குறைகிறது. அதை எடுக்க அந்தப் பெண் மறுபடி டிராக்டர் வரிசைக்குப் போக வேண்டும். போனை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, படுக்கைவாட்டில் திருப்பி, ஓட்டுநரிடம் கேட்க வேண்டும்:

"அண்ணா, இது எப்போ வெட்டின கரும்பு?"