நாய்த் தீனி விற்ற கடைக்குக் கதை கேட்க வந்த கோடிப் பேர்!

கடை வைத்ததோ நாய்க்கும் பூனைக்கும் தீனி விற்க. ஆனால் வந்து குவிந்ததோ கதை படிக்கிற கூட்டம்!

கடைக்காரர்கள் பார்த்தார்கள். தொழிலையே மாற்றிவிட்டார்கள். கோடிக்கணக்கானவர்கள் படிக்கும் புதிய இணையதளம் ஒன்று பிறந்தது. பணம் வந்தது. பெயரும் வந்தது.

ஆனால் நாலு ஆண்டு கூட முழுதாக ஆகவில்லை. இணையதளம் மூடப்பட்டது. சுமார் 100 பேர் வேலை இழந்தார்கள்.

அவ்வளவு கூட்டம் எங்கிருந்து வந்தது? வந்த கூட்டம் எங்கே போயிற்று?

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் நடந்தது.

வீடு தேடி வந்த மூட்டை

2010-ம் ஆண்டில் நியூயார்க் நகரில் "பெட்புளோ" என்ற கடை தொடங்கப்பட்டது. தெருவில் உள்ள கடை அல்ல, இணையதளக் கடை. வீட்டில் நாய், பூனை வளர்க்கிறவர்கள் அதில் தீனிக்குச் சொல்லி வைக்கலாம். மாதம் தவறாமல் மூட்டை வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

இதை நடத்தியவர்கள் ஜோ ஸ்பைசர், அலெக்ஸ் ஜார்டனோவ்ஸ்கி என்ற இருவர். இருவரும் இன்டர்நெட் விளம்பரத் தொழிலில் ஊறியவர்கள்.

தீனி வியாபாரம் சுலபமானது அல்ல. மூட்டை கனமானது. அமெரிக்காவோ பரந்த நாடு. அனுப்பும் கூலியே லாபத்தைக் கடித்துவிடும். ஆகவே வாடிக்கைக்காரர்களைப் பிடிக்க பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தார்கள்.

தீனியைப் பற்றிச் சொன்னால் கேட்க ஆள் இல்லை. ஆனால் ஒரு நாய்க்குட்டியின் குறும்புப் படத்தைப் போட்டால் போதும்! பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் தங்கள் சிநேகிதர்களுக்கும் அதைக் காட்டினார்கள்.

இதற்குத்தான் "ஷேர்" செய்வது என்று பெயர். ஒருவர் பத்துப் பேருக்குக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்குக் காட்டினால் 100. அந்த நூறு பேரும் அப்படியே செய்தால் 1,000. தபால் செலவு கிடையாது. நோட்டீஸ் அச்சடிக்கும் செலவும் கிடையாது!

பெட்புளோ தன் இணையதளத்திலேயே பிராணிகளைப் பற்றிய கதைகளையும் படங்களையும் வெளியிட்டது. அவற்றை பேஸ்புக்கில் காட்டியது. அங்கிருந்து கூட்டம் அலை அலையாக வந்தது.

தொழில் மாறியது!

இணையதளத்தில் கதை படிக்கிறவர் காசு கொடுப்பதில்லை. பிறகு வருமானம் ஏது? பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் இருக்கிறது அல்லவா? அந்த விளம்பரக்காரர் பணம் கொடுக்கிறார். ஆயிரம் பேர் பார்த்தால் இவ்வளவு என்று கணக்கு. பார்க்கிறவர் கூடக் கூடப் பணமும் கூடும். இதில் மூட்டை தூக்க வேண்டியதில்லை. லாரிக் கூலியும் இல்லை.

2014-ம் ஆண்டு செப்டம்பரில் "லிட்டில்திங்ஸ்" என்ற புதிய பெயரில் இணையதளம் வந்தது. "சின்னச் சின்ன விஷயங்கள்" என்பது அதன் பொருள்.

இங்கே ஒரு சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் பழைய கூட்டத்தை உதறிவிட்டுப் புதிய கூட்டத்தைத் தேடவில்லை. நாய்க்குட்டியின் கதையைப் படித்துக் கண் கலங்கியவர்கள் யார்? பெரும்பாலும் குடும்பப் பெண்கள். அவர்களுக்கு வேறு என்ன பிடிக்கும்? சமையல், கைவேலை, குழந்தைகள், முன்பின் தெரியாதவருக்கு உதவி செய்த நல்லவர்களின் கதை. அவற்றையெல்லாம் கொடுத்தார்கள். நாயைப் பார்க்க வந்தவர்கள், சமையல் படிக்கவும் தங்கினார்கள்.

ஓர் இணையதளத்தை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குத் திருப்பும் வித்தை இதுதான். பழைய வாசகரின் மனசிலிருந்தே புதிய துறைக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

பேஸ்புக்கில் லிட்டில்திங்ஸைப் பின்தொடர்ந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல்! தீனிக் கடையை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். இனி அது எதற்கு?

எச்சரிக்கை மணி

ஆனால் ஒரு மணி முன்பே அடித்திருந்தது.

2012-ம் ஆண்டில் "அப்வொர்தி" என்ற இணையதளம் அமெரிக்காவில் தோன்றியது. அதுவும் மனசை உருக்கும் கதைகளை பேஸ்புக் மூலம் பரப்பியது. 2013-ம் ஆண்டு இறுதியில் அதன் புகழ் உச்சிக்குப் போயிற்று. அந்தச் சமயத்தில், எதை முன்னால் காட்டுவது என்ற கணக்கை பேஸ்புக் மாற்றியது. சில மாதங்களுக்குள் அப்வொர்திக்கு வந்த கூட்டம் பாதியாகக் குறைந்தது!

அது என்ன கணக்கு?

பேஸ்புக்கைத் திறந்தால் எல்லாருடைய செய்தியும் வரிசையாக வந்துவிடாது. எது மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் கணக்கு முடிவு செய்கிறது. அதன் சாவி பேஸ்புக்கை நடத்தும் நிறுவனத்தின் கையில். அதை மாற்ற யாருடைய சம்மதமும் தேவையில்லை.

பஸ் நின்றால்தானே டீக்கடைக்குக் கூட்டம்? நாளைக்கு பஸ் நிறுத்தத்தை நாலு தெரு தள்ளிக் கொண்டுபோய்விட்டால்? டீ அதே டீதான். பாய்லரும் அதே பாய்லர்தான். ஆள் எங்கே?

பேரிடி

2018-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி. பேஸ்புக் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வியாபாரிகளும் பத்திரிகைகளும் போடும் செய்திகள் மிகுந்துவிட்டன. இனி சிநேகிதர், குடும்பத்தார் போடும் செய்திகளுக்கே முதல் இடம் என்பது அதன் சாரம்.

படிக்கிறவருக்கு அது நல்ல செய்திதான். அக்காள் குழந்தையின் படம் முன்னால் வந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

ஆனால் லிட்டில்திங்ஸுக்கு அது இடி! பேஸ்புக்கிலிருந்து இனாமாக வந்துகொண்டிருந்த கூட்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மறைந்தது. லாபம் தந்ததே அந்தக் கூட்டம்தான். அந்தச் சமயத்தில் நிறுவனத்தை விலைக்கு வாங்கச் சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சரிந்ததைக் கண்டதும் அவர்களும் பின்வாங்கினார்கள்.

பிப்ரவரி இறுதியில் கதவு சாத்தப்பட்டது. எழுதியவர்கள், படம் பிடித்தவர்கள், விளம்பரம் சேர்த்தவர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். அவர்கள் வேலையில் குறை வைத்ததாக யாரும் சொல்லவில்லை. ஜனவரியில் எழுதியதைப் போலத்தான் பிப்ரவரியிலும் எழுதினார்கள். மாறியது வேறு ஒருவருடைய கணக்கு. போனது இவர்களுடைய சம்பளம்!

பின்னர் அந்தப் பெயரை மட்டும் வேறொரு நிறுவனம் வாங்கியது.

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அது எவ்வளவு பெரிய உண்மை!

பிழைக்கும் வழி

அப்படியானால் சமூக வலைத்தளங்களை நம்பவே கூடாதா? அப்படியல்ல. தீனிக் கடைக்குக் கோடிப் பேரைக் கொண்டுவந்து காட்டியதே அதுதான். வந்தவரை என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஓர் இணையதளம் நடத்துகிறானா? அதை வேறு துறைக்கு மாற்ற நினைக்கிறானா? அவனிடம் இந்த நாலு விஷயங்களைச் சொல்லுங்கள்.

ஒன்று: பழைய பக்கங்களை ஒரே நாளில் அழிக்கக் கூடாது. புதிய துறைக்கு முதலில் ஒரு பகுதி ஒதுக்கிப் பார்க்கலாம். வாசகர் வரவேற்றால் விரிவாக்கலாம்.

இரண்டு: பக்கத்தின் முகவரி மாறினால், பழைய முகவரிக்கு வருகிறவர் தானாகவே புதிய முகவரிக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். வீடு மாறினால் தபால்காரரிடம் சொல்லி வைப்பதில்லையா? அதைப் போலத்தான்.

மூன்று: வந்த வாசகரின் சம்மதத்தோடு அவருடைய ஈமெயில் முகவரியை வாங்கி வைக்க வேண்டும். அந்தப் பட்டியல் சொந்தச் சொத்து. யார் எந்தக் கணக்கை மாற்றினாலும் வாசகருக்கு நேராகக் கடிதம் போடலாம்.

நான்கு: வருமானத்துக்கும் வாசகருக்கும் ஒரே வாசலை நம்பக் கூடாது. தேடிப் பார்த்து வருகிறவர், பெயரை நினைவு வைத்து நேராக வருகிறவர், சிநேகிதர் சொல்லி வருகிறவர் என்று பல வாசல்கள் வேண்டும்.

பேஸ்புக் அனுப்பிய வாசகர் இன்றைக்கு வருவார். நாளைக்கு அது வேறு பக்கம் அனுப்பினால் அங்கே போய்விடுவார். ஆனால், "அந்த இணையதளத்தில் இன்று என்ன வந்திருக்கிறது?" என்று தானாகவே தேடி வருகிற வாசகர் இருக்கிறாரே, அவர்தான் சொந்த வாசகர்.

கோடி இரவல் வாசகர்களைவிட, ஆயிரம் சொந்த வாசகர்கள் மேல்!