பிரேக் தகட்டைக் கடைவதா, கழிப்பதா?

விளைபொருள்களைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் மோட்டார் வண்டிகள் பலவற்றின் முன்சக்கரங்களில் வார்ப்பிரும்புத் தகடு ஒன்று சுழல்கிறது. அதனைப் பேடுகள் இருபுறமும் நெருக்குவதாலேயே வண்டி நிற்கிறது. பிரேக்கை மிதிக்கையில் பெடல் அதிருமாயின் தகட்டைப் பரிசோதித்தல் அவசியம்.

வெடிப்புக் கண்ட தகட்டைக் கடையலாகாது, மாற்றவே வேண்டும். வெடிப்பில்லையேல், மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் கனத்தை அளக்க வேண்டும். அவற்றுள் மிகக் குறைந்த அளவே கணக்கிற்குரியது. தகட்டின் கோணலை டயல் கேஜ் காட்டும். சக்கரக் குடத்தில் துரு ஏறியிருப்பின் நல்ல தகடும் கோணலாகவே சுழலும். ஆகையால், துருவை நீக்கி மறுபடி அளந்து பாராமல் கடைசலுக்குப் பணம் செலவிடுதல் வீண்.

தகட்டின் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, அது 20 மி.மீ. என்றும், அளந்த கனம் 20.3 மி.மீ. என்றும் கொள்வோம். பக்கத்திற்கு 0.2 மி.மீ. கடைந்தால் 19.9 மி.மீ. மட்டுமே மிஞ்சும். அத்தகடு எவ்வளவு பளபளப்பாகத் தோன்றினும் கழிக்கத்தக்கதே. மெலிந்த தகடு விரைவிற் சூடேறும். பாரத்துடன் மலைச்சரிவில் இறங்குகையில் வெடிக்கவும் கூடும்.

கடைந்த தகட்டைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்துக. முன்சக்கரங்கள் இரண்டிற்கும் புதிய பேடுகளை ஒருங்கே பொருத்துக. சக்கர நட்டுகளை எதிரெதிராகவும் சமமாகவும் முடுக்குக. கடைவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைப் பட்டறையாரிடம் எழுதி வாங்கி வைத்தல் நலம். வண்டியையும் பாரத்தையும், அதிற் செல்வோரின் உயிரையும் எண்ணிப் பார்க்கின், புதிய தகட்டின் விலை சொற்பமே.