பாத்திரம் தேய்த்தபடியே பாடம்! அண்ணா பல்கலைக்கழகத்தின் "ரேடியோ பள்ளிக்கூடம்"

கிண்டி பக்கம் எத்தனை தடவை பஸ்சில் போயிருப்பீர்கள்! அண்ணா பல்கலைக்கழக மதிலுக்கு உள்ளே ஒரு ரேடியோ நிலையம் இருப்பது தெரியுமா?

பெயர் அண்ணா எப்.எம். அலைவரிசை 90.4. கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த மத்திய அரசு 2002-ல் வழிவிட்டது. 2004 பிப்ரவரி 1-ந்தேதி இது பிறந்தது. இந்தியாவில் கல்வி வளாகத்தில் எழுந்த முதல் சமுதாய வானொலி இதுதான்!

100 வாட்தான்!

சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதி 100 வாட்தான். சுமார் 10 கிலோ மீட்டர் தாண்டினால் வெறும் இரைச்சல்! ஆனால் அதுதான் அதன் பலம். டெல்லி சமாசாரம் இதற்கு எதற்கு? நம்ம தெருத் தண்ணீர், நம்ம பிள்ளைக்கு வந்த காய்ச்சல், இவைதான் பேச்சு.

மைக் முன்னால்...

சுற்றுவட்டாரக் குடிசைப் பகுதிப் பெண்கள் கேட்டதோடு நிற்கவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்து பேசவும் செய்தார்கள். உடல்நலம், சத்துணவு, கைத்தொழில் என்று பல விஷயம். மாணவர்களுக்கோ ஒலிப்பதிவு வேலை கைக்கு வந்தது.

எழுத்து தெரியாதவருக்கும் காது உண்டு. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, மாவு அரைத்துக்கொண்டே கேட்கலாம். பீசும் கிடையாது, ஆஜர் பட்டியலும் கிடையாது.

"படிக்க எங்கேங்க நேரம்?" என்று அலுத்துக்கொள்ளும் வீட்டில், அந்தக் குமிழை 90.4-க்குக் கொஞ்சம் திருப்பித்தான் பாருங்களேன்!