வால்வுப் பெருக்கிகள்: புதுப்பித்தலும் மேம்படுத்தலும்

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகிவிட்டு அரை நிமிடம் பொறுமையுடன் காத்திருந்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர். பெட்டியின் பின்புறத் துளைகளின் வழியே முதலில் செவ்வொளி மெல்லத் தெரியும். அதன் பின்னரே குரல் எழும். அவ்வொளியைத் தந்தவை, மக்கள் 'வால்வு' என வழங்கிய வெற்றிடக் குழல்கள். டிரான்சிஸ்டர் வந்தபின் அவை நம் இல்லங்களை விட்டு நீங்கின. ஆயினும் இசையைப் பெருக்கும் கருவிகளில் அவை முற்றும் மறையவில்லை. 1950-களிலும் 1960-களிலும் செய்யப்பெற்ற வால்வுப் பெருக்கிகளைத் தேடிப் பெற்று, பழுது நீக்கி, மீண்டும் பாடச் செய்வோர் பல நாடுகளிலும் இருக்கின்றனர்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு இடம் ஏது என அன்பர்கள் வினவக்கூடும். அறிவியலைத் தமிழில் எழுதிப் பழகுதல் வேண்டும் என்பது ஒரு விடை. இப்பணி, நம் துறைக்கு நன்கு அறிமுகமான பதிப்புப் பணியைப் பெரிதும் ஒத்திருக்கின்றது என்பது மற்றொரு விடை. 1842-இல் சீறாப்புராணத்தை அச்சேற்றிய செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களையும், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அவர்களையும் நாம் போற்றுகின்றோம். சுவடியைக் கையிலெடுக்கும் பதிப்பாசிரியர் எவர்க்கும் மூன்று வினாக்கள் உண்டு. நூலாசிரியர் எழுதியது எது? காலம் அரித்தது எது? பிறர் கை செருகியது எது? பழைய பெருக்கியின் அடித்தட்டைத் திருப்பிப் பார்ப்பவர் முன் நிற்பனவும் இம்மூன்று வினாக்களே.

சொல்லாட்சி பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். 'ஒலிபெருக்கி' என்னும் சொல்லை நாம் கூம்புக் குழாய்க்கும் வழங்குகின்றோம். அதனை இயக்கும் பெட்டிக்கும் வழங்குகின்றோம். இக்கட்டுரையில் பெட்டியைப் 'பெருக்கி' எனவும், ஒலியை வெளிவிடும் உறுப்பை 'ஒலிபெருக்கி' எனவும் குறிப்போம்.

குழல் செய்யும் தொழில்

1904-இல் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் இருமுனைக் குழலை அமைத்தார். 1906-இல் லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனை ஒன்றைச் சேர்த்தார். சூடேறிய எதிர்முனையிலிருந்து மின்னணுக்கள் புறப்பட்டு, நேர்மின்னழுத்தம் ஏற்றப்பட்ட தகட்டை நோக்கி விரைகின்றன. இடையில் நிற்கும் கம்பிவலையின் அழுத்தத்தைச் சிறிது மாற்றினால், தகட்டை அடையும் மின்னோட்டம் பெரிதும் மாறுகின்றது. ஏரி மதகின் பலகையை ஒருவர் சாண் அளவு ஏற்றி இறக்க, வாய்க்காலின் வெள்ளமே கூடிக் குறைவதை இதற்கு உவமையாகக் கூறலாம். ஆங்கிலேயர் இக்குழலுக்கு வால்வு எனப் பெயரிட்டதோ, இருமுனைக் குழல் மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடுவது பற்றியே.

குழல் மிகுந்த அழுத்தத்தில் குறைந்த மின்னோட்டத்தைத் தருவது. ஒலிபெருக்கியோ குறைந்த அழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டத்தை வேண்டுவது. இவ்விரண்டையும் இணைத்து வைப்பது வெளியீட்டு மின்மாற்றி. பெருக்கியின் உயிர்நிலை இதுவே. குழலை மாற்றலாம், மின்தேக்கியை மாற்றலாம். நன்றாகச் சுற்றப்பட்ட வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோயின் அதற்கு ஈடு தேடுவது அரிது. அதன் சுற்றுக்களை அடுக்கடுக்காகப் பின்னிச் சுற்றும் முறை எளிதன்று. பழைய இரும்பு வணிகர் எடைக்கு எடை விலை பேசுவது பெரும்பாலும் இம்மின்மாற்றியைத்தான் என்பது வருந்தத்தக்கது.

ஸ்டீரியோ 70 என்னும் சான்று

பொதுப்படக் கூறுவதினும் ஒரு கருவியைச் சான்றாகக் கொண்டு விளக்குதல் நலம். 1947-இல் வில்லியம்சன் என்பார் இங்கிலாந்தில் வெளியிட்ட பெருக்கி அமைப்பு, வீட்டு இசைக்கருவிகளின் தரத்தை உயர்த்தியது. 1951-இல் அமெரிக்காவில் டேவிட் ஹாப்லர், ஹெர்பர்ட் கீரோஸ் ஆகிய இருவரும் 'அல்ட்ரா லீனியர்' என்னும் இணைப்பு முறையை விளக்கி எழுதினர். ஹாப்லர் 1955-இல் பிலடெல்பியாவில் டைனகோ நிறுவனத்தைத் தொடங்குவதில் முன்னின்றார். அந்நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ஸ்டீரியோ 70 இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. இரு தடங்கள், தடத்திற்கு 35 வாட். ஆற்றலைத் தருவன நான்கு இ.எல். 34 குழல்கள், அவற்றைச் செலுத்துவன இரண்டு 7199 குழல்கள், மாறுமின்னோட்டத்தைத் திருத்துவது ஒரு ஜி.இசட். 34.

இக்கருவி பெரும்பாலும் உதிரி உறுப்புக்களாகவே விற்கப்பட்டது. வாங்கியவர் தம் வீட்டு மேசையில் வைத்து, கையேட்டைப் படித்து, தாமே ஈயப்பற்று வைத்துப் பூட்டினார். எனவே ஒவ்வொரு ஸ்டீரியோ 70-உம் ஒவ்வொருவர் கைப்பட எழுதிய ஏடு எனலாம். ஏடெழுதுவோர் பிழைகள் இதிலும் உண்டு: சூடு போதாமல் ஒட்டாது நிற்கும் பற்றுகள், இடம் மாறிய கம்பிகள், மதிப்பு மாறிப் பொருத்திய தடையங்கள். ஆகவே, புதுப்பிக்க முற்படுவோர் உறுப்புக்களை மாற்றத் தொடங்குமுன் சுற்றுப்படத்தை அருகில் வைத்து ஒவ்வோர் இணைப்பையும் ஒப்புநோக்குதல் வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கவனிக்கப்படாத பிழையை இவ்வாறு கண்டெடுப்பது இப்பணியின் தனி இன்பம்.

காலம் அரிப்பவை

முதலில் அழிவன மின்பகு மின்தேக்கிகள். கடைகளில் இவற்றைக் 'கண்டன்சர்' என்பர். உள்ளிருக்கும் ஈரம் வற்ற, கசிவு மிகுந்து, சூடேறி, ஈற்றில் வெடிக்கவும் கூடும். ஸ்டீரியோ 70-இல் 30, 20, 20, 20 மைக்ரோபாரட் கொண்ட நான்கு தேக்கிகள் ஒரே உலோகக் குப்பியுள் 525 வோல்ட் தாங்குமாறு அமைந்துள்ளன. இக்குப்பி இன்று நன்றாக இருப்பதுபோல் தோன்றினும் மாற்றத்தக்கதே.

அதனினும் ஆபத்தானது அளவிற் சிறியது. இ.எல். 34 குழல்களின் வலைக்கு எதிர் அழுத்தம் தருவதற்கென ஒரு செலினியம் மின்திருத்தியும் இரு சிறு தேக்கிகளும் உள்ளன. இவ்வெதிர் அழுத்தத்தைச் சார்பழுத்தம் என்பர். மதகுப் பலகையை இறக்கிப் பிடித்திருக்கும் கை இதுவே. செலினியம் முதுமையுற்று இக்கை தளர்ந்தால், குழலில் மின்னோட்டம் கட்டுக்கடங்காது பெருகும்; தகடு செந்நெருப்பாகும்; குழல் போவதோடு வெளியீட்டு மின்மாற்றியும் போகலாம். சில ரூபாய் விலையுள்ள சிலிகான் டையோடு ஒன்றை அங்கு வைத்து, இரு தேக்கிகளையும் புதுக்கினால் இவ்விடர் நீங்கும். முழுப் பணியிலும் முதலில் செய்யத்தக்கது எதுவென எம்மைக் கேட்டால் இதனையே சுட்டுவோம்.

குழலுக்கும் குழலுக்கும் இடையில் நிற்கும் 0.1 மைக்ரோபாரட் இணைப்புத் தேக்கிகள் கசிந்தாலும் இதே கேடு விளையும். கரித் தடையங்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல மதிப்பில் ஏறுவது வழக்கம். ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டிய இணைகள் ஒவ்வாதனவாகிவிடும். மின்மாற்றிகள், மின்தூண்டிச் சுருள், அடித்தட்டு ஆகியன பெரும்பாலும் நிலைத்திருப்பன. அவற்றைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

எச்சரிக்கை

மாணவர்கள் இப்பகுதியை இருமுறை படிக்க வேண்டுகின்றோம். இக்கருவியுள் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் உள்ளது. மின்செருகியைக் கழற்றிய பின்னும் தேக்கிகளில் அது தங்கியிருக்கும். அது உயிரைக் கொல்ல வல்லது. சில ஆயிரம் ஓம் மதிப்புள்ள கனத்த தடையத்தின் வழியே அதனை வடித்துவிட்டு, வடிந்ததை அளவியால் உறுதி செய்த பின்னரே கை வைத்தல் வேண்டும். திருப்புளியால் குறுக்கிணைத்துப் பொறி பறக்கச் செய்வது வீரமன்று. அளக்கும்போது ஒரு கை முதுகுப்புறம் இருக்கட்டும். ஒலிபெருக்கியை இணைக்காமல் பெருக்கியை முழுவிசையில் இயக்குதலும் ஆகாது. வெளியீட்டு மின்மாற்றியின் காப்பு பிளந்துவிடும்.

நெடுநாள் உறங்கிய கருவியை நேரே மின்வழியில் செருகுவது பலரும் செய்யும் தவறு. இழைவிளக்கு ஒன்றைத் தொடர் இணைப்பில் வைத்து முதலில் ஏற்றுதல் வேண்டும். நம்மூர் மின்பணியாளர் இதனைச் 'சீரிஸ் லாம்ப்' என்பர். உள்ளே குறுக்கிணைப்பு இருப்பின் விளக்கு முழு ஒளியுடன் எரிந்து நம்மை எச்சரிக்கும்.

அயல்நாடுகளிலிருந்து உறவினர் கொணர்ந்த கருவிகளுக்கு மற்றொரு கவனம் தேவை. அமெரிக்கக் கருவியை நம் 230 வோல்ட்டில் செருகலாகாது. இறக்கு மின்மாற்றி வேண்டும். அழுத்தம் சரியாக இருப்பினும், 60 சுழற்சிக்கென்றே கட்டப்பட்ட மின்மாற்றி நம் 50 சுழற்சியில் மிகுதியாகச் சூடேறும். தொட்டுப் பார்த்து இதனை முடிவு செய்யாமல், சில மணி நேரம் இயக்கிச் சூட்டை அளந்து அறிதல் நன்று.

மேம்பாடும் இடைச்செருகலும்

புதுப்பித்தலுக்கும் மேம்படுத்தலுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. காலம் மாறியதால் வேண்டப்படும் மாற்றங்கள் உள. இருகம்பி மின்வடத்தை நீக்கி, நிலத்திணைப்புடன் கூடிய மூன்று கம்பி வடத்தைப் பொருத்துதல் அத்தகையது. 7199 குழல் அரிதாகிவிட்டமையால், 6ஜி.எச்.8ஏ குழலை இடைத்தாங்கியுடன் பொருத்துதலும் அத்தகையதே; இவ்விரு குழல்களுக்கும் கால்களின் வரிசை வேறாதலால் நேரே செருக இயலாது.

மூல அமைப்பிலேயே இருந்த குறையைக் களைவன சில உள. ஸ்டீரியோ 70-இல் ஒரு தடத்தின் இரு இ.எல். 34 குழல்களுக்கும் சேர்த்து ஒரே சார்பழுத்தத் திருகிதான் உண்டு. 15.6 ஓம் தடையத்தில் 1.56 வோல்ட் வரும்வரை அதனைத் திருகுமாறு கையேடு கூறும். அதாவது இரு குழல்களும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர். 1.56 வோல்ட் என்பது புதிய டார்ச் மின்கலத்தின் அழுத்தத்தை ஒட்டியது. ஆகவே துல்லியமான அளவி இல்லாதவரும் மின்கலத்தோடு ஒப்பிட்டுத் திருக இயலும். எளிய மக்களை நினைந்து செய்த நுட்பம்! ஆனால் ஒரு குழல் 70-உம் மற்றது 30-உம் ஈந்தாலும் கூட்டுத்தொகை 100 என்றே காட்டும். முன்னது வெந்து மடியும். எனவே, குழலுக்கு ஒரு திருகியும் ஒரு தடையமும் தனித்தனியே அமைத்தலை நாம் உண்மையான மேம்பாடு என்போம். மின்னோட்டத்தை இணைக்கு 80 மில்லி ஆம்பியராகக் குறைத்து, குழல்களின் ஆயுளை நீட்டிப்போரும் உளர். வீட்டில் கேட்பதற்கு அது போதுமானது.

இனி இடைச்செருகல்கள். தேக்கி பெரிதானால் நன்மையும் பெரிதாகும் எனக் கருதி, ஜி.இசட். 34-ஐ அடுத்து 100 மைக்ரோபாரட் வைப்போர் பலர். அக்குழலுக்குச் செய்தோர் விதித்த மேல்வரம்பு 60. அதனை மீறினால் ஒவ்வொரு முறையும் பாயும் மின்னோட்ட எழுச்சி குழலைத் தின்றுவிடும். அக்குழலையே எடுத்தெறிந்து சிலிகான் டையோடு வைப்போரும் உளர். ஜி.இசட். 34 மெல்லச் சூடேறி, மற்றக் குழல்கள் விழித்தெழும் வேளையில் அழுத்தத்தைத் தருவது. டையோடோ நொடியில் தருவது. அதுவும் கூடுதலாகத் தருவது. அப்போது 525 வோல்ட் தேக்கியின் வரம்பு கடக்கப்படலாம். பின்னூட்டப் பாதையில் நிற்கும் சிறு தேக்கியைத் 'தேவையற்றது' என வெட்டியெறிவதும் உண்டு. செவிக்கு எட்டாத அதிர்வெண்ணில் பெருக்கி தானே அலையத் தொடங்கும். கேட்பவருக்கு ஒன்றும் புலப்படாது, குழல்கள் மட்டும் காரணமின்றிச் சூடேறும்.

பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கும் தேக்கிகளால் இசை தேனாகிவிடும் என்னும் விளம்பரங்களை நாம் நம்புவதற்கில்லை. 'வால்வின் இனிமைக்கு இரட்டை மடங்கு அதிர்வுகளே காரணம்' என்னும் பரவலான கூற்றும் இக்கருவிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இரு குழல்கள் எதிரெதிராக இயங்கும் இவ்வமைப்பில் இரட்டை மடங்கு அதிர்வுகள் பெரிதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. உச்ச அளவைத் தாண்டும்போது குழற்பெருக்கி சட்டென வெட்டாமல் மெல்ல வளைந்து கொடுக்கின்றது என்பது மட்டும் அலைகாட்டியில் காணத்தக்க உண்மை.

ஒருவர் தம் தந்தையார் போற்றி வைத்திருந்த கருவியை நம்மிடம் ஒப்படைப்பாராயின் அஃது ஓர் அமானிதம். அடித்தட்டில் புதுத் துளை இடாமல், மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பத்தக்க வகையில் மாற்றங்களைச் செய்தல் வேண்டும். பழைய மின்தேக்கிக் குப்பியை இணைப்பு நீக்கி, இருந்த இடத்திலேயே விட்டு, புதியவற்றைத் தட்டின் அடியில் மறைத்து வைப்பது பலர் பின்பற்றும் முறை. கழற்றிய உறுப்புக்களை ஒரு பையிலிட்டு உரியவரிடமே சேர்த்தல் வேண்டும். மாற்றிய உறுப்புக்களின் மதிப்பு, மாற்றிய நாள், அன்று அளந்த அழுத்தங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அடிமூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுதலும் வேண்டும். ஏட்டின் இறுதியில் படியெடுத்தவர் எழுதிவைக்கும் குறிப்பைப் போல, அடுத்து அம்மூடியைத் திறப்பவருக்கு அது தேவைப்படும்.